முதலாண்டு நிரலாக்கப் பாடத்தில் மாணவர் தவறுவதைக் குறைக்க: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, கட்டடவியல் எடுத்தவரானாலும் கணினிப் பொறியியல் எடுத்தவரானாலும் முதல் பருவத்திலேயே சிக்கல் தீர்த்தலும் பைத்தான் நிரலாக்கமும் என்ற பாடத்தைப் படித்தாக வேண்டியிருந்தது. முதல் அரியர் இந்தப் பாடத்தில் விழுந்து, அதன்பின் நிரல் என்றாலே ஒதுங்கிக்கொள்ளும் மாணவர்களை இப்பாடத்தை நடத்தும் எவரும் பார்த்திருப்பார். இதைப் புதிதாகக் கையில் எடுக்கும் உதவிப் பேராசிரியர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கு நான் தரும் விடைகளும் கீழே உள்ளன.

இவ்வளவு பேர் தவறுவது நம் கல்லூரிகளில் மட்டும்தானா?

இல்லை. டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் பென்னட்சன், மைக்கேல் காஸ்பர்சன் இருவரும் பல நாடுகளின் 63 கல்வி நிறுவனங்களிடம் கேட்டுத் திரட்டி 2007இல் வெளியிட்ட கணக்கில், தவறியவர், இடையில் விலகியவர், தேர்வுக்கே வராதவர் எல்லாரையும் சேர்த்தால் சராசரியாக 33 விழுக்காட்டினர் முதல் நிரலாக்கப் பாடத்தைக் கடக்கவில்லை. 2014இல் வாட்சன், லி ஆகியோர் 15 நாடுகளின் 161 பாட வகுப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது தேர்ச்சி 67.7 விழுக்காடு என்று வந்தது. 2019இல் முதல் இருவரும் மீண்டும் கணக்கெடுத்தபோது தவறியவர் பங்கு 28 விழுக்காடாக இருந்தது.

இவற்றில் முதல் கணக்கும் கடைசிக் கணக்கும் தாமாக முன்வந்து பதில் தந்த நிறுவனங்களின் எண்கள் என்பதை மறக்க வேண்டாம். எங்கும் இப்படித்தான் என்று சொல்லித் துறைக் கூட்டத்தில் தப்பித்துக்கொள்ளவும் இவை உதவா. ஏனென்றால் நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எண் பெரிதும் வேறுபட்டது. பாடம் ஒன்றாக இருக்கையில் நடத்தும் விதம் வேறுபட்டால் விளைவும் வேறுபடுகிறது என்பதற்கான சான்றைப் பின்னால் பார்ப்போம்.

நிரலாக்கம் சிலருக்குத்தான் வரும், சிலருக்கு எத்தனை ஆண்டு சொல்லிக்கொடுத்தாலும் வராது என்கிறார்களே?

ஆசிரியர் அறையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். அதிகத் தீங்கு செய்ததும் இதுதான். இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஆய்வு வடிவமும் கிடைத்தது. 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் தெஹ்னாதி, ரிச்சர்ட் போர்னட் இருவரும், பாடம் தொடங்கும் முன்பே ஒரு சிறு தேர்வு வைத்து நிரலாக்கம் வருகிறவர்களையும் வராதவர்களையும் பிரித்துவிடலாம் என்ற பொருளில் எழுதிய கட்டுரை கணினி ஆசிரியர்களிடையே கைமாறிக் கைமாறிப் பரவியது. 2014இல் போர்னட்டே அந்தக் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கட்டுரையைப் படித்தவர்களில் பாதிப் பேராவது மறுப்பையும் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மதிப்பெண்களை வரைந்தால் ஒட்டகத்தின் முதுகுபோல் இரண்டு திமில்கள் தெரியும் என்பதும் பரவலான பேச்சு. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் பாடங்களுக்குரிய 778 மதிப்பெண் பரவல்களை 2016இல் புள்ளியியல் முறையில் சோதித்தபோது, 5.8 விழுக்காட்டுப் பரவல்களில் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட உச்சி இருப்பதற்கான அறிகுறி கிடைத்தது. இரண்டு திமில்கள் பெரும்பாலும் பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கின்றன.

ஆனாலும் உங்கள் வகுப்பில் முதல் வாரத்திலேயே ஒரு பிளவு தெரிகிறது என்பது உண்மை. அது திறமைப் பிளவன்று, முன்பயிற்சிப் பிளவு. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் பிரிவு எடுத்த மாணவர் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் படித்துவிட்டு வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உயிரியல் பிரிவு மாணவர் விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். ஆசிரியர் கேள்வி கேட்ட நொடியில் முன்னவர் விடை சொல்ல, பின்னவர் தமக்கு மண்டையில் ஏறவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். ஏறவில்லை என்பதன்று, இன்னும் ஏற்றப்படவில்லை என்பதை அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி இந்தப் பிளவை நேராக எதிர்கொண்டது. முன்பயிற்சி உள்ளவர்களுக்கு ஒரு வகுப்பு, இல்லாதவர்களுக்கு வேறொரு வகுப்பு என்று பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு விடை சொல்பவர்களைத் தனியே அழைத்து, மற்றவர்களுக்கும் இடம் விடுமாறு பேசினார்கள். பாடத்தின் எடுத்துக்காட்டுகளையும் மாற்றினார்கள். ஏறத்தாழ 10 விழுக்காடாக இருந்த பெண் கணினி மாணவர் பங்கு சில ஆண்டுகளில் 40 விழுக்காட்டை எட்டியது. நம் கல்லூரிகளில் வகுப்பை இப்படிப் பிரிக்க அட்டவணை இடம் தராமல் போகலாம். முதல் நாள் ஒரு தாளில் யார் எந்தப் பிரிவிலிருந்து வந்தார், முன்பு நிரல் எழுதியிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வதற்கு எந்த அட்டவணையும் தடையன்று.

மாணவர் உண்மையில் எங்கே தடுமாறுகிறார்?

2001இல் மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் பன்னாட்டு ஆசிரியர் குழு ஒன்று, முதல் நிரலாக்கப் பாடத்தை முடிக்கும் நிலையில் இருந்த நான்கு பல்கலைக்கழகங்களின் 216 மாணவர்களுக்கு ஒரு பொதுப் பயிற்சி தந்தது. 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 22.89. சிக்கலைப் பகுத்துத் தீர்க்கும் திறன் இல்லை என்பதே அப்போது பலரும் சொன்ன காரணம். 2004இல் ரேமண்ட் லிஸ்டரும் பல நாட்டு ஆசிரியர்களும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: எழுதுவது இருக்கட்டும், எழுதி வைத்த ஒரு சிறு நிரலைப் படித்து அது என்ன விடை தரும் என்று இவர்களால் சொல்ல முடிகிறதா? கணிசமானோரால் அதையே தடுமாறாமல் சொல்ல முடியவில்லை.

எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியம். படிக்கத் தெரியாத ஒருவரிடம் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, எழுதவில்லை என்று மதிப்பெண் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏன் படிக்க முடியவில்லை என்பதற்கு ஒரு சிறு எடுத்துக்காட்டு போதும். பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளை வைத்துக்கொள்ளும் பெயர்களுக்கு, தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம் என்பதால் அப்படியே எழுதுகிறேன். முதல் வரி, அ = 5. இரண்டாம் வரி, ஆ = அ + 1. மூன்றாம் வரி, அ = 10. இப்போது ஆ-வின் மதிப்பு என்ன? சரியான விடை 6. ஆனால் 11 என்று எழுதும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார். அவர் கவனக்குறைவாக இருக்கவில்லை. பத்தாண்டுக் கணக்குப் பாடம் சமக்குறியை எப்போதும் உண்மையாக இருக்கும் ஓர் உறவு என்று அவருக்குக் கற்றுத்தந்திருக்கிறது. இங்கே அதே குறி, வலப்பக்கத்தை இப்போது கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் வை என்று ஒரே ஒருமுறை இடும் கட்டளை. இந்த மாற்றத்தை யாரும் அவருக்கு உடைத்துச் சொல்லவில்லை.

இப்படி இன்னும் சில உண்டு. வைல் லூப் என்பது நிபந்தனை உண்மையாக உள்ளவரை சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளை; அதன் நிபந்தனை பொய்யான அந்தக் கணமே, அந்த வரிகளின் பாதியிலேயே, லூப் நின்றுவிடும் என்று நினைப்பார்கள். நிபந்தனை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் மட்டுமே பார்க்கப்படுகிறது. ஒரு ஃபங்ஷன் (பெயரிட்டு வைத்து வேண்டும்போது அழைக்கும் நிரல் பகுதி) விடையைத் திரையில் அச்சிடுவதும் அழைத்த இடத்துக்குத் திருப்பித் தருவதும் ஒன்று என்று நினைப்பார்கள். திரையில் விடை தெரிந்துவிட்டதே, பிறகு ஏன் அந்த ஃபங்ஷனின் மதிப்பைக் கூட்டும்போது பிழை வருகிறது என்று கேட்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில், நாம் நினைப்பதைக் கணினி புரிந்துகொள்ளும் என்ற எண்ணம் இருக்கிறது. ரோய் பீ என்ற ஆய்வாளர் 1986லேயே, தொடக்க நிலையாளரின் பிழைகளுக்கெல்லாம் தாயான பெரும்பிழை இதுவே என்று எழுதினார். மாறிக்குச் சராசரி என்று பெயர் வைத்துவிட்டால் அதில் சராசரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பும் மாணவரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்படியானால் முதல் நான்கு வாரம் என்ன செய்வது?

எழுதச் சொல்வதற்கு முன் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து வரி நிரல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, மாறிகளின் பெயர்களைத் தலைப்பாகக் கொண்ட அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எந்தக் கட்டத்தில் என்ன மதிப்பு என்று நிரப்பச் சொல்லுங்கள். நம் ஆசிரியர்கள் இதை டிரை ரன் என்று ஒரே ஒருமுறை காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் சொல்வது ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு மாணவரும், தம் கையால். கணினியில் ஓட்டுவதற்கு முன் விடையைத் தாளில் எழுதிவிட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பான விதி. ஊகித்தது தவறாகும்போதுதான் தம் மனத்தில் இருந்த இயந்திரத்துக்கும் உண்மையான இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு மாணவருக்குத் தெரியவருகிறது. பிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் என்ற இலவச இணையக் கருவி இதே அட்டவணையை வரிக்கு வரி படமாகக் காட்டும். கைபேசியில்கூடத் திறந்து பார்க்கலாம். ஆனால் தாளில் நிரப்பிய பின்னரே அதைத் திறக்கச் சொல்லுங்கள், இல்லையெனில் அது இன்னொரு காணொளியாகிவிடும்.

அடுத்த படி, ஓடுகிற நிரலில் சிறு மாற்றம் செய்வது. அதற்கடுத்து, கலைத்துப்போட்ட வரிகளைச் சரியாக அடுக்குவது. நியூசிலாந்தின் ஒடாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸ், பாட்ரிசியா ஹேடன் இருவரும் 2006இல் அறிமுகப்படுத்திய இந்தப் பயிற்சிக்குப் பார்சன்ஸ் புதிர் என்று பெயர். நிரலை அச்சிட்டு, கத்தரியால் வரி வரியாக நறுக்கி, உறையில் போட்டுக் கொடுத்தால் போதும், கணினியே வேண்டாம். அதே நிரலை முழுதாக எழுதுவதைவிடக் குறைந்த நேரத்தில், ஏறத்தாழ அதே அளவு கற்றல் இதில் நிகழ்கிறது என்று 2017இல் பார்பரா எரிக்சன் குழு காட்டியது. பைத்தானில் உள்தள்ளலே, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே, அமைப்பைத் தீர்மானிப்பதால், எந்த வரி எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதையும் மாணவரே முடிவு செய்யுமாறு விடலாம். வெற்றுத் தாளில் நிரல் எழுதுவது இவ்வளவுக்கும் பின்னர்தான்.

இப்படியெல்லாம் செய்தால் சிலபஸ் முடியாதே?

ஆசிரியருக்கு முடிந்து மாணவருக்கு முடியாத சிலபஸால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டுவிடலாம். ஆனால் அலகு ஐந்தும் முடிந்தனவா என்று கணக்குக் கொடுக்க வேண்டியவர் நீங்கள் என்பதால், சான்றோடு சொல்கிறேன். ஸ்காட் ஃபிரீமன் குழு 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தவறியவர் சராசரி 33.8 விழுக்காடு, மாணவர் வகுப்பிலேயே ஏதேனும் செய்த வகுப்புகளில் 21.8 விழுக்காடு.

கணினிப் பாடங்களில் நன்கு சோதிக்கப்பட்ட வடிவம், ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் வளர்த்த சகமாணவர் கற்பித்தல் முறை. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நான்கு கணினிப் பாடங்களில் இதைப் பின்பற்றியபோது, தவறியவர் சராசரி 20 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாக இறங்கியதை லியோ போர்ட்டர், சிந்தியா பெய்லி லீ, பெத் சைமன் மூவரும் 2013இல் வெளியிட்டனர்.

முறை எளிது. நான்கு தெரிவுகள் கொண்ட ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுகிறீர்கள். எடுத்துக்காட்டாக, அ என்பது 1, 2, 3 அடங்கிய பட்டியல்; அடுத்த வரி ஆ = அ; அதற்கடுத்த வரியில் ஆ-வின் இறுதியில் 4 சேர்க்கப்படுகிறது; இப்போது அ-வை அச்சிட்டால் என்ன வரும்? ஒவ்வொருவரும் பேசாமல் யோசித்து ஒன்று முதல் நான்கு வரை விரலைக் காட்டுகிறார்கள். கையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக் காட்டச் சொன்னால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதும் பழக்கம் குறையும். விடையை நீங்கள் சொல்லாமல், வேறு எண் காட்டியவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி கேட்கிறீர்கள். பிறகே விளக்கம்: பட்டியல் ஒன்றுதான், பெயர்கள்தான் இரண்டு, ஆகவே நான்கு உறுப்புகளும் வரும். அறுபது பேர் வகுப்பில் இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை முதல் முறை சரியாகச் சொல்லும் கேள்வியே நல்ல கேள்வி. எல்லாரும் சரியாகச் சொன்னால் அது நேரவிரயம், யாருமே சொல்லவில்லை என்றால் வாதாட ஆள் இருக்காது.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது? வரையறைகளைச் சொல்லச் சொல்ல எழுதவைப்பதிலிருந்து எடுங்கள். அவற்றை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடலாம்.

ஆய்வக வகுப்பில் என்ன மாற்றலாம்?

ஆய்வகப் பாடத்திட்டத்தில் மின்கட்டணக் கணக்கு, கடைப் பில், இரும்புக் கம்பியின் எடை, மும்முனை மின்சுற்றில் பாயும் மின்னோட்டம் என்று நல்ல பயிற்சிகள் இருக்கின்றன. இயந்திரவியல் மாணவரும் மின்னியல் மாணவரும் இது நம் துறைக் கணக்கு என்று உணரக்கூடியவை. அவற்றைச் சாகடிப்பது ரெக்கார்டு நோட்டு. சென்ற ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்து, அவுட்புட் உட்பட அழகான கையெழுத்தில் பெயர்த்தெழுதி, கையொப்பம் வாங்கிவிட்டால் பயிற்சி முடிந்துவிடுகிறது.

நோட்டை ஒழிக்க உங்களுக்கு அதிகாரம் இராது. எண்களை மாற்ற அதிகாரம் உண்டு. மின்கட்டண அடுக்குகளை ஒவ்வொரு குழுவுக்கும் வேறாகக் கொடுங்கள்; நிரலில் நீங்களே ஒரு பிழையைப் புகுத்திவைத்து அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்; கையொப்பம் போடும்முன் ஒரு வரியைச் சுட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி முப்பது நொடியில் முடிந்துவிடும்.

கணினிகள் போதாமல் இருவருக்கு ஒன்று என்ற நிலை இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பிழைகளைக் கவனிக்க, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இடம் மாறுவதை நீங்கள் மணி அடித்து நடத்த வேண்டும். விட்டுவிட்டால் பருவம் முழுவதும் ஒருவரே தட்டிக்கொண்டிருப்பார்.

பிழைச் செய்தியைக் கண்டதும் மாணவர் கையைத் தூக்கிவிடுகிறாரே?

செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கவும், பின் வரி எண்ணைப் பார்க்கவும், அந்த வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரியைப் பார்க்கவும் பழக்குங்கள். முடிய வேண்டிய அடைப்புக்குறியை முந்தைய வரியில் விட்டுவிட்டு, அடுத்த வரியில் குற்றம் தேடுவது மிகப் பொதுவான நிகழ்ச்சி.

அகமதிப்பீட்டுத் தேர்வுகள் இருக்கும்போது வாரத் தேர்வு எதற்கு?

முதல் அகமதிப்பீட்டில் ஒரு மாணவர் தவறினார் என்று உங்களுக்குத் தெரியவரும்போது, அவர் பின்தங்கி ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். நிரலாக்கப் பாடத்தில் ஒவ்வொரு பகுதியும் முந்தையதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. மாறி புரியாதவருக்கு லூப் புரியாது, லூப் புரியாதவருக்குப் பட்டியல் புரியாது. வாரம் ஒரு பத்து நிமிடத் தாள், மூன்றே கேள்விகள், மூன்றும் நிரலைப் படித்து விடை சொல்பவை என்றால், அறுபது தாளையும் அரை மணியில் திருத்திவிடலாம். நினைவிலிருந்து மீட்டெழுதும் செயலே, மறுபடி படிப்பதைவிட நீண்ட நாள் நினைவில் நிறுத்துகிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இது அளவுகோல் மட்டுமன்று, கற்பித்தலும்கூட. மதிப்பெண் மிகச் சிறிதாக இருக்கட்டும். பெரிதாக்கினால் பார்த்தெழுதத் தொடங்கிவிடுவார்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக என்ன செய்ய வேண்டும்?

பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் வந்தபின், இந்தக் கேள்வி முன்னைவிட அதிகம் கேட்கப்படுகிறது. மொழித் தடையையும் நிரலாக்கத் தடையையும் முதலில் பிரித்துப் பாருங்கள். பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 மட்டுமே. அவற்றை எந்த மாணவரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். அவரைத் தடுப்பது நான்கு வரி நீளத்துக்கு ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வினா. வினாவைத் தமிழில் சொன்னால் படிமுறையைச் சரியாகச் சொல்கிறார் என்றால், அவருக்கு வேண்டியது வினாவைப் பகுத்துப் படிக்கும் பயிற்சி: உள்ளீடு என்ன, வெளியீடு என்ன, நிபந்தனை எங்கே என்று அடிக்கோடிடுவது. தமிழில் சொன்ன பிறகும் தெரியவில்லை என்றால், மற்றவர்களுக்குச் செய்வதையே இவருக்கும் செய்ய வேண்டும். வகுப்பில் தமிழில் விளக்குவதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆங்கிலக் கலைச்சொல்லை அதனதன் இடத்தில் சொல்லிவிட்டால் தேர்வுத்தாளில் அது அந்நியமாகத் தெரியாது.

டிஜிட்டல் மின்னணு ஆய்வகத்துக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும், அங்கே கண்ணுக்குத் தெரியாத இயந்திரம் இன்னும் ஒருபடி மறைவாக இருக்கிறது என்பதே வேறுபாடு. ஒரு மாணவர் 7408 என்ற ஐசியில் (எல்லா உள்ளீடும் ஒன்றானால் மட்டும் ஒன்று தரும் அண்ட் வாயில்கள் கொண்ட சில்லு) மின்சுற்றை அமைக்கிறார். உள்ளீடு ஒன்றுக்குக் கம்பி கொடுக்க மறந்துவிடுகிறார். இணைக்காத கால் என்றால் சுழியம்தானே என்று நினைக்கிறார். 7408 போன்ற டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் தருக்கம்) வகைச் சில்லில் இணைக்காத உள்ளீடு பெரும்பாலும் ஒன்று போலவே நடந்துகொள்ளும். உண்மை அட்டவணை பொருந்தாதபோது அவர் ஐசி போய்விட்டது என்று வேறு ஐசி கேட்டு வருவார். கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு காலிலும் என்ன நிலை இருக்க வேண்டும் என்று தாளில் எழுதவைத்து, பிறகு அளக்கச் சொல்லுங்கள். பதினான்காம் காலில் மின்சாரமும் ஏழாம் காலில் தரையும் வருகின்றனவா என்பதில் தொடங்கட்டும். ஃபிளிப்ஃபிளாப் என்ற, முந்தைய நிலையை நினைவில் வைக்கும் மின்சுற்று வந்ததும் மாணவர் தடுமாறுவதற்கும் முன்னே சொன்ன அ, ஆ கணக்கில் தடுமாறுவதற்கும் காரணம் ஒன்றுதான்: முந்தைய கணத்து நிலை இப்போதைய விடையில் இருக்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை.

செயற்கை நுண்ணறிவுக் கருவியே நிரல் எழுதித் தருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

சாட்ஜிபிடி வருவதற்கு முன்பே, 2022இன் தொடக்கத்தில், கோடெக்ஸ் என்ற கருவியை நியூசிலாந்து ஆய்வாளர் உள்ளிட்ட குழுவொன்று முதலாண்டு நிரலாக்கத் தேர்வு வினாக்களுக்கு விடை எழுதவைத்தது. மாணவர் தரவரிசையில் அது முதல் கால் பங்கினருக்குள் வந்தது. ஆகவே வீட்டில் செய்துவரச் சொல்லும் நிரலுக்கு மதிப்பெண் தருவது இனி மாணவரை அளப்பதாகாது. கருவி தந்த நிரல் சரியா, எந்த உள்ளீட்டில் உடையும் என்று சொல்வதற்கும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், படிப்பதை முதலில் வைக்கும் முறை இப்போது கூடுதலாகவே தேவைப்படுகிறது. தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கருவியிடம் வாங்கிவந்த நிரலையே அச்சிட்டுக் கொண்டுவரச் சொல்லி, வகுப்பில் அதற்கு டிரை ரன் அட்டவணை போடவைப்பது பயனுள்ள ஒரு மணி நேரம்.

இந்தப் பருவம் பாதி முடிந்துவிட்டது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அடுத்த வகுப்பிலேயே முன்னறிவிப்பு இல்லாமல், மதிப்பெண் இல்லாமல், பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுங்கள். எல்லாம் நிரலைப் படித்து விடை எழுதுபவை. முதல் மூன்று மாறி, அடுத்த மூன்று நிபந்தனையும் லூப்பும், மீதி ஃபங்ஷனும் பட்டியலும். எத்தனை பேர் தவறினர் என்று எண்ணுவதைவிட எந்தக் கேள்வியில் முதலில் தவறினர் என்று பார்த்து மாணவரைப் பிரியுங்கள். மாறியிலேயே தவறியவர்கள் எப்போதும் நாம் நினைத்ததைவிட அதிகமாக இருப்பார்கள். அவர்களுக்கு மாலையில் அரை மணி வீதம் இரண்டு வாரம் அட்டவணை நிரப்பும் பயிற்சி மட்டும் கொடுங்கள். பாடத்தை முதலிலிருந்து மறுபடி விரிவுரையாக நடத்த வேண்டாம், அதை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டார்கள். வகுப்பில் நன்றாகச் செய்யும் மாணவரை இதற்குத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், விசைப்பலகையைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. திருத்திய தாள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்: அவற்றில் உள்ள தவறான விடைகள்தான் அடுத்த ஆண்டு விரல் காட்டும் கேள்விகளுக்கு வேண்டிய மற்ற மூன்று தெரிவுகள்.